தேர்ச்சி விழுக்காடு என்னும் பொய்த் தராசு

தேர்வு முடிவு வந்ததும் கோச்சடையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெற்றோர் அரசு உயர்நிலைப் பள்ளிகளை நிறுக்கத் தொடங்கிவிடுகின்றனர். அங்கே 100, இங்கே 88 என்கின்றனர்.

எதில் 100? பள்ளியின் பெயரில் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியோரில் மட்டுமே! ஒன்பதிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்தோ, தனித்தேர்வராக எழுதச் சொல்லியோ அனுப்பப்பட்ட பிள்ளை அக்கணக்கில் வராது. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் விழுக்காடுதான் சரியும். விரட்டிய பள்ளிக்குப் பாராட்டு, அரவணைத்த பள்ளிக்குப் பழி!

மாநிலத் தரவரிசை வெளியிடுவதை அரசே 2017இல் கைவிட்டது. நாம்தான் விடவில்லை.

அளவையில் வஞ்சிப்போரைக் கண்டிக்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை ஓதுகிறவர்களுக்கு இது உறைக்க வேண்டாமா? சகோதரர்களே, பிள்ளையைச் சேர்க்கும்முன் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர் எத்தனை பேர்?