நூற்றுக்குப் பதினைந்து என்னும் பொய்க்கணக்கு

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மருத்துவ ஆராய்ச்சிக்குத் தரும் நல்கைகளில் ‘மறைமுகச் செலவு’ இனி எல்லாருக்கும் 15 சதவீதம்தான். திங்கள்கிழமை முதல் அமல். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். கூடவே சமூக ஊடகத்தில் ஒரு கணக்கும் வந்தது: ஓர் ஆண்டில் வழங்கிய 3,500 கோடி டாலரில் 900 கோடி நிர்வாகத்துக்கே போய்விட்டது, ஹார்வர்டு 69 சதவீதம் வாங்குகிறது, யேல் 67.5 சதவீதம், இரண்டிடமும் மலைபோல் வைப்புநிதி இருக்கிறது, புதிய விதியால் ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

வரிப்பணம் நிர்வாகத்துக்கா, நோய்க்கு மருந்து தேடவா என்று கேட்டால் எவரும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை வாங்குவதற்காகவே இந்த வாதம் தொடுக்கப்பட்டிருக்கிறது. அவிழ்த்துப் பார்த்தால் ஓர் இழைகூட நிற்காது.

முதலில் அந்த 69. இதைப் படிப்பவர், நூறு டாலரில் 69 டாலரைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்கிறது என்றுதான் புரிந்துகொள்வார். உண்மை வேறு. ஆய்வின் நேரடிச் செலவு 100 டாலர் என்றால், அதற்கு மேல் 69 டாலர், மொத்தம் 169. அதில் மறைமுகச் செலவின் பங்கு 41 சதவீதம். அந்த நூறிலும் பெரிய கருவிகள், மாணவர் கல்விக் கட்டணம் போன்றவற்றைக் கழித்துவிட்டுத்தான் விகிதம் போடப்படுகிறது. ஆகவே உண்மையான பங்கு இன்னும் குறைவு. அவர்கள் தந்த எண்களையே வகுத்துப் பாருங்கள்: 3,500-இல் 900 என்பது ஏறக்குறைய 26 சதவீதம். நாடு முழுவதற்குமான நிலவரம் நான்கில் ஒரு பங்கு என்றிருக்க, 69 என்பதைப் பெரிதாக்கிக் காட்டியது மக்களை ஏமாற்றும் வேலை.

அடுத்து, ‘நிர்வாகம்’ என்று இழித்துரைக்கப்பட்டது எது? ஆய்வகக் கட்டடம். திசு மாதிரிகளை உறைநிலையில் காக்கும் மின்சாரம். நச்சுக் கழிவை அகற்றும் ஏற்பாடு. நோயாளிகளை ஆய்வுக்கு உட்படுத்துமுன் அவர்கள் பாதுகாப்பைச் சரிபார்க்கும் நெறிக்குழு. அவர்களின் மருத்துவத் தகவல் கசியாமல் காக்கும் கணினி அமைப்பு. அரசுக்குக் கணக்கு ஒப்படைக்கும் ஊழியர். இவற்றில் பலவற்றைக் கட்டாயமாக்கியதே கூட்டாட்சி அரசின் சட்டங்கள். கட்டளையும் இடுவேன், அதற்கான செலவையும் தரமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்? அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் காசு கொடுத்துவிட்டு, அடுப்பும் விறகும் வீண்செலவு என்று சொல்லிப் பந்தியில் உட்காருவது போன்றது இது.

முறைகேடே நடந்ததில்லையா? நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உல்லாசப் படகின் தேய்மானத்தைக்கூட இந்தக் கணக்கில் ஏற்றியது அம்பலமாகி, 1991-இல் அதன் தலைவர் பதவி விலகலை அறிவிக்க நேர்ந்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழகங்களின் நிர்வாகச் செலவுப் பகுதிக்கு 26 சதவீத உச்சவரம்பும் வந்துவிட்டது. மீதி விகிதம் கட்டடத்துக்கும் வசதிகளுக்கும் உரியது. ஒவ்வொரு நிறுவனமும் ஆவணங்களைக் காட்டி அரசிடம் பேசித்தான் அந்த விகிதத்தைப் பெறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் வரம்பை மறைத்துவிட்டு, கட்டுப்பாடே இல்லாத கொள்ளை என்று பேசுவது நேர்மையல்ல.

தனியார் அறக்கட்டளைகள் 10, 15 சதவீதம்தானே தருகின்றன என்கிறார்கள். அறக்கட்டளைகள் பல, அரசு மறைமுகச் செலவில் சேர்ப்பவற்றை நேரடிச் செலவாகவே எழுத அனுமதிக்கின்றன. இரண்டு கணக்குமுறைகளின் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தொடக்கநிலைத் தவறு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி டாலரைப் பகிரும் ஓர் அமைப்புக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

ஹார்வர்டின் வைப்புநிதியைக் காட்டுவது இன்னும் மோசம். வெட்டு விழவிருந்தது ஹார்வர்டுக்கு மட்டுமா? அலபாமாவின் பர்மிங்காம் நகரப் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வேலைதரும் நிறுவனம். ஹார்வர்டின் செல்வத்தில் ஒரு துளியும் அதனிடம் இல்லை. அதனால்தான் ஆளும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அலபாமா செனட்டர் கேட்டி பிரிட்டே கவலை தெரிவித்தார். அதே கட்சியின் மெயின் மாநில செனட்டர் சூசன் காலின்ஸ் வெளிப்படையாக எதிர்த்தார். பணக்காரப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, ஏழை மாநிலத்தின் ஆய்வகத்தை அடிக்கப் பார்த்தார்கள்.

இந்த வாதத்தின் அடிமடியிலேயே ஒரு முரண் இருக்கிறது. கூடுதல் பணம் நேரடி ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்பதற்காகவே இந்த மாற்றம் என்கிறது அறிவிப்பு. ஆண்டுக்கு 400 கோடி டாலர் மிச்சம் என்கிறது விளம்பரம். ஆராய்ச்சிக்கே திரும்பிப் போகும் பணம் எப்படி மிச்சமாகும்? மிச்சம் பிடித்தால் அது ஆராய்ச்சிக்கு எப்படிப் போகும்? விடை ஒன்றுதான்: ஆராய்ச்சியிலிருந்து பணத்தைப் பறிக்கும் திட்டம் இது.

அறிவித்த விதமும் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நிறுவனங்கள் அந்தந்த விகிதத்தை நம்பிக் கட்டடம் எழுப்பி, ஆள் சேர்த்து, நோயாளிகளை ஆய்வில் பதிவு செய்திருக்கின்றன. அந்த வாக்கை ஒரு வார இறுதிக்குள் முறிப்பதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிடக் கூடாது. 2017-இலேயே இதே அதிபர் டிரம்ப் 10 சதவீத உச்சவரம்பை முன்மொழிந்தார். நாடாளுமன்றம் மறுத்ததோடு நிற்காமல், இப்படி மாற்றக்கூடாது என்று நிதிச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தைத் தாண்டத்தான் 2025-இல் இந்த அறிவிப்பு வந்தது. 22 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. பாஸ்டன் நீதிபதி ஏஞ்சல் கெல்லி திங்களன்றே இடைக்காலத் தடை விதித்தார். ஏப்ரலில் அதை நிரந்தரமாக்கினார்.

விகிதங்கள் சாமானியருக்குப் புரியவில்லை என்றால் புரியும்படி வெளியிடட்டும். ஏதேனும் பல்கலைக்கழகம் மிகையாகக் கேட்டால் தணிக்கை செய்து வெட்டட்டும். விகிதத்தைக் குறைப்பதுதான் சரி என்று நம்பினால் நாடாளுமன்றத்தில் வைத்து வாதாடி, இனி வரும் நல்கைகளுக்கு மட்டும் மாற்றட்டும். இந்த மூன்று வழிகளும் திறந்தே இருந்தன. மூன்றையும் விட்டுவிட்டுத் திரித்த சதவீதத்தையும் இரண்டு நாள் கெடுவையும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, மருத்துவ ஆராய்ச்சியின் காவலர்கள் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி கிடையாது.