பிறந்த பிள்ளைக்கு என்ன பாவம்?

 

இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். அவருடைய 13 வயது மகளின் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கூட்டாளி ஒருத்தியின் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். "தம்பியின் ஜென்ம பாவம் நீங்கத்தான் கொடுத்தோம்" என்று அந்தப் பிள்ளை சொல்ல, மகள் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: "பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன பாவம் உம்மா?"

உம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மாமி பதில் சொல்லியிருக்கிறார்: "ஹவ்வா உம்மா விலக்கின கனியைத் தின்னக் கொடுத்த குற்றத்துக்குத்தான் நமக்கு மாதா மாதம் இதுவும் வருகுது, பிள்ளை வலியும் வருகுது." அன்றிலிருந்து மகள் மாதவிடாய் நாட்களில் ஏதோ குற்றம் செய்தவளைப் போல ஒதுங்கி ஒதுங்கி இருக்கிறாளாம். "கிறிஸ்தவர்கள் இதைப் பற்றி உண்மையில் என்ன நம்புகிறார்கள்? நமது நம்பிக்கை என்ன? இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

மிக நல்ல கேள்வி. அடுத்தவரின் நம்பிக்கையைப் பேசும்போது அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் கட்டி விடக் கூடாது. எனவே முதலில் அவர்களுடைய வேதத்தில் உள்ளதைப் பார்ப்போம்.

பைபிளின் முதல் நூல் ஆதியாகமம். அதன் 2ஆம், 3ஆம் அத்தியாயங்களில்தான் இந்த வரலாறு வருகிறது. ஏதேன் தோட்டத்தின் எல்லா மரங்களிலும் உண்ணலாம், நன்மை தீமையை அறியத்தரும் மரத்தில் மட்டும் உண்ணக் கூடாது, உண்டால் மரணம் என்று ஆதாமுக்குக் கட்டளை இடப்படுகிறது. அப்போது ஏவாள் படைக்கப்படவே இல்லை. பின்னர் பாம்பு வந்து பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறது. அவள் உண்கிறாள், உடன் இருந்த கணவனுக்கும் கொடுக்கிறாள், அவனும் உண்கிறான். விசாரணை வந்தபோது ஆண் பெண்ணைக் கைகாட்டுகிறான், பெண் பாம்பைக் கைகாட்டுகிறாள். பாம்பு இனி வயிற்றால் ஊர வேண்டும். பெண் வேதனையோடு பிள்ளை பெற வேண்டும், கணவன் அவளை ஆளுவான். ஆண் நெற்றி வியர்வை சிந்தி உழைத்து, கடைசியில் மண்ணுக்கே திரும்ப வேண்டும். இவைதான் தீர்ப்புகள். பிறகு இருவரும் தோட்டத்தை விட்டு அனுப்பப்படுகிறார்கள்.

இங்கே சில விடயங்களைக் கவனியுங்கள். அந்தக் கனி இன்னதென்று ஆதியாகமம் சொல்லவில்லை. படங்களில் நாம் காணும் அப்பிள் பிற்காலத்தில் வந்தது. லத்தீன் மொழியில் தீமைக்கும் அப்பிளுக்கும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். யூத அறிஞர்கள் அத்தி என்றும் திராட்சை என்றும் கோதுமை என்றும் பலவாறு சொன்னார்கள். அந்த அத்தியாயத்தில் 'பாவம்' என்ற சொல்லே இல்லை. 'சபிக்கப்பட்டது' என்ற சொல் பாம்புக்கும் நிலத்துக்குமே வருகிறது, பெண்ணுக்கு வரவில்லை. பாம்புதான் சாத்தான் என்பதும் அங்கே இல்லை, பின்னால் வந்த நூல்களில்தான் அது காணப்படுகிறது. இதே நூலை வேதமாக ஓதும் யூதர்களிடம், ஆதாமின் குற்றம் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருகிறது என்ற கொள்கை கிடையாது.

அப்படியானால் ஜென்ம பாவம் என்ற கொள்கை எங்கிருந்து வந்தது?

முதலாம் நூற்றாண்டில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அத்தியாயத்தில், ஒரு மனிதனால் பாவமும் பாவத்தால் மரணமும் உலகத்துக்குள் வந்தன, அதே போல் ஒரு மனிதரால், அதாவது இயேசுவால், மீட்பு வந்தது என்று ஒப்பிட்டுக் காட்டுகிறார். கவனியுங்கள், அங்கே அவர் பேசுவது ஆதாமைப் பற்றி. அவர் பெயரில் உள்ள தீமோத்தேயுவுக்கான முதல் நிருபமோ, ஏமாந்தது ஆதாம் அல்ல, பெண்தான் என்கிறது. பெண் மீது பழி சுமத்தியவர்கள் பெரும்பாலும் இந்த வசனத்தையே பிடித்துக் கொண்டார்கள்.

இதை ஒரு முழுக் கொள்கையாக வடித்தவர் அகுஸ்தீனார் (354 - 430). இன்றைய அல்ஜீரியாவில், அன்னாபா என்று நாம் அறியும் ஊரில் ஆயராக இருந்தவர். பவுலின் வசனத்துக்கு அவர் கையில் இருந்த லத்தீன் மொழிபெயர்ப்பு, ஆதாமுக்குள்ளேயே எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று பொருள் தந்தது. மூலமான கிரேக்கத்தை இன்று பெரும்பாலான அறிஞர்கள், எல்லோரும் பாவம் செய்தபடியால் மரணம் எல்லோரையும் அடைந்தது என்றே விளங்கிக் கொள்கிறார்கள். ஒரு சிறு சொல், எவ்வளவு பெரிய வேறுபாடு! மனிதன் தன் விருப்பத்தால் நல்லவனாக வாழ முடியும் என்று வாதாடிய பெலாகியுஸ் என்ற துறவியை அகுஸ்தீனார் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சபை பெலாகியுஸின் கருத்தை நிராகரித்தது. 1546இல் திரெந்து சங்கம் ஜென்ம பாவக் கொள்கையைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு உறுதிப்படுத்தியது. லூதர், கல்வின் போன்ற புரட்டஸ்தாந்துத் தலைவர்கள் மனித இயல்பே கெட்டுப் போயிற்று என்று இன்னும் கடுமையாகச் சொன்னார்கள்.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. கிரேக்க, ரஷ்ய ஓர்த்தடொக்ஸ் சபையினர், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும், குற்றம் அல்ல என்பார்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், ஜென்ம பாவம் பிள்ளை செய்த தனிப்பட்ட குற்றம் அல்ல, இறைவனின் அருளை இழந்த ஒரு நிலை என்றே விளக்குகிறது. ஆகவே அந்தக் கூட்டாளிப் பிள்ளை தன் தம்பியைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அந்த இழப்பை இயேசுவின் சிலுவை ஈடு செய்தது, ஞானஸ்நானத்தால் பிள்ளை அதில் பங்கு பெறுகிறது என்பதே அவர்களுடைய நம்பிக்கை. கனி இல்லாவிட்டால் அவர்களுக்குச் சிலுவையின் பொருளே விளங்காது. அதனால்தான் இந்த வரலாறு அவர்களிடம் இத்தனை முக்கியம் பெறுகிறது.

இருந்தாலும், இக்கொள்கையின் பாரம் பெரும்பாலும் தாய்மாரின் தலையிலேயே விழுந்தது. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்து போன பிள்ளையின் கதி என்ன? நரகத்தின் மிக இலேசான தண்டனை என்றார் அகுஸ்தீனார். பிற்கால அறிஞர்கள் மனம் இரங்கி, வேதனையும் இல்லாத, இறைவனின் தரிசனமும் இல்லாத 'லிம்போ' என்ற இடத்தைச் சொன்னார்கள். அயர்லாந்தில் அப்படி இறந்த சிசுக்களைச் சபையின் மையவாடியில் அடக்க விடாமல், வயல் ஓரங்களிலும் பாழடைந்த இடங்களிலும் இரவில் புதைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் இது நடந்தது. பத்து மாதம் சுமந்த பிள்ளையின் கபுறு எங்கே என்று சொல்லவும் முடியாத தாயை நினைத்துப் பாருங்கள்! 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அத்தகைய பிள்ளைகள் மீட்படைவார்கள் என நம்பிக்கை வைக்கத் தகுந்த காரணங்கள் உண்டு என்று அறிவித்தது. அதற்குள் எத்தனையோ தாய்மார் அந்த வேதனையுடனேயே மௌத்தாகி விட்டார்கள்.

பிரசவ வலிக்கும் இதே கதை. 1847இல் எடின்பரோ நகரின் டொக்டர் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோபோம் கொடுக்கத் தொடங்கினார். ஏவாளுக்கு விதிக்கப்பட்ட வலியை நீக்கலாமா என்று மதத்தின் பெயரால் ஆட்சேபம் எழுந்தது. அவர் சளைக்காமல் வேதத்தைக் கொண்டே பதில் எழுதினார். அந்த எபிரேயச் சொல் உழைப்பின் வருத்தத்தைக் குறிக்கும், ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் இறைவனே அவரை ஆழ்ந்து உறங்க வைக்கவில்லையா என்று கேட்டார். 1853இல் விக்டோரியா மகாராணியே தன் எட்டாவது பிரசவத்துக்குக் குளோரோபோம் எடுத்த பின் அந்தப் பேச்சு அடங்கத் தொடங்கியது.

இனி நமது அல்குர்ஆனைப் பார்ப்போம். 2ஆம், 7ஆம், 20ஆம் அத்தியாயங்களில் இவ்வரலாறு வருகிறது. ஸூரத்துல் அஃராபில் ஷைத்தான் ஊசாட்டம் செய்தது இருவருக்கும். ஸூரா தாஹாவில் அவன் அழைத்துப் பேசுவது ஆதம் (அலை) அவர்களை. மாறு செய்ததாகச் சொல்லப்படுவதும் அவர்களையே. ஹவ்வா (அலை) முதலில் உண்டார்கள், கணவனை ஏய்த்தார்கள் என்று ஓர் ஆயத்திலும் இல்லை. இருவரும் சேர்ந்து தவறினார்கள், இருவரும் சேர்ந்தே தமக்குத் தாமே அநீதி செய்து கொண்டதாக ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டவில்லை. அல்லாஹ் ஆதமின் தவ்பாவை ஏற்றுக் கொண்டதை ஸூரத்துல் பகராவின் 37ஆம் வசனம் சொல்கிறது. மன்னிக்கப்பட்டு விட்ட தவறு எப்படிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வரும்? ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்று அல்குர்ஆன் ஒரு முறையல்ல, பல முறை சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்பது புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ்.

அப்படியானால் அந்த மாமிக்கு அந்தக் கதை எங்கிருந்து வந்தது? அவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அவருடைய உம்மா சொல்லியிருப்பார். பாம்பின் கதையும், ஹவ்வாவுக்குத் தண்டனையாக மாதவிடாய் வந்த கதையும் வேதக்காரர்கள் வழியாக வந்த இஸ்ராயீலிய்யத் செய்திகளோடு கலந்து பழைய தப்ஸீர்களில் இடம் பிடித்தன. இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) கூடத் தம் காலத்தில் உலவிய இத்தகைய அறிவிப்புகளைப் பதிவு செய்திருக்கிறார். பதிவு செய்யப்பட்டதெல்லாம் மார்க்கமாகி விடாது.

மாறாக, ஸஹீஹுல் புஹாரியில் உள்ள ஒரு சம்பவத்தை அந்த மகளுக்குச் சொல்லுங்கள். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், மக்காவுக்கு அண்மையில் ஸரிப் என்ற இடத்தில், ஆயிஷா (ரழி) அவர்களுக்கு மாதவிடாய் ஏற்பட்டது. ஹஜ் தவறி விடுமோ என்று அழுது கொண்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் உள்ளே வந்து, விடயத்தை அறிந்து, இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று சொல்லித் தேற்றினார்கள். கஃபாவைத் தவாப் செய்வதைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யுமாறு சொன்னார்கள். தண்டனை என்று ஒரு சொல் இல்லை, ஹவ்வாவின் குற்றம் என்று ஒரு சொல் இல்லை. தொழுகையும் நோன்பும் அந்நாட்களில் இல்லை என்பது மார்க்கச் சட்டம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அன்புத் தாயே! உங்கள் மகளை இன்றிரவு பக்கத்தில் இருத்தி இதைச் சொல்லுங்கள். கூட்டாளியின் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவர்கள் நம்புவது இது, நாங்கள் நம்புவது இது" என்று மரியாதையோடு சொல்லப் பழக்குங்கள். மாமிக்கும் இதைப் பக்குவமாக வாசித்துக் காட்டுங்கள். பேத்தி ஒதுங்கி இருப்பதைக் காண அவருக்கும் மனம் நோகாமலா இருக்கும்?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.