ஆர்சி இல்லாத வண்டிக்கு இஎம்ஐ எதுக்கு?

தஞ்சாவூர்ல இருக்கற நம்ம ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு மாசம் 45,000 கைக்கு வருது. புது ஸ்போர்ட் குவாட் பைக் எடுத்து காட்டுப்பாதையில ஓட்டணும்னு ஒரு வருஷமா தூக்கம் இல்ல. ஆசையை நான் கிண்டல் பண்ணல. கணக்கை மட்டும் பாருங்க.

இந்த வண்டிகளை இங்க பெரும்பாலும் ஆஃப்-ரோடுக்குன்னுதான் விக்கறாங்க. ஆர்டிஓ பதிவு கிடையாது. ஆர்சி இல்லாததுக்கு வண்டி லோன் கிடைக்கறது கஷ்டம், பர்சனல் லோன்தான். 5 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னு போட்டா இஎம்ஐ சுமார் 17,090. வட்டி மட்டும் 1.15 லட்சம். ரோட்டுல ஓட்டவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் குட்டி யானை வாடகைக்கு எடுத்து ஏத்திட்டுப் போகணும்.

சரி, எங்க ஓட்டுவான்? நம்ம டெல்டா வரப்புல மனுஷன் நடக்கறதே வித்தை, நாலு சக்கரம் எங்க போகும்! பக்கத்துல காடுன்னா கோடியக்கரை. 1967-லயே சரணாலயமா அறிவிச்ச இடம், வெளிமான் மேயற காடு. அனுமதி இல்லாம உள்ள போறதே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜாலிக்குப் போய் கேஸ் வாங்கிட்டு வந்தா ஆபீஸ்ல என்ன சொல்றது?

பெங்களூரு பக்கம் இதுக்குன்னே ட்ராக் இருக்கு. ஹெல்மெட் போட்டு வாடகைக்கு ஓட்டிட்டு வரலாம். போறதுக்கு முன்னாடி விபத்து பாலிசியில சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கான்னு மட்டும் படிச்சிடுங்க.

இன்னொண்ணு. குறுவை நடவுக்காக அவங்க அம்மா செயின் அடகுல இருக்கு. அதை அவன் இன்னும் மீட்கல.