புனிதத் தலங்களில் நாம் விருந்தினரா, வெற்றி வீரரா?

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கவும் விரும்பாதவர்கள் நம் முன்னோர். இது தமிழகத்துக்கு மட்டும் உரிய பண்பன்று. மனிதன் வாழும் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஒரு மலையோ, நதியோ, குகையோ, கல்லறையோ தெய்வத்துக்கு உரிய இடமென்று போற்றப்படுவதைக் காண்கிறோம். இறைவன் எங்கும் நிறைந்தவர் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். எங்கும் நிறைந்தவரைத் தேடி ஏன் ஓரிடத்துக்குப் போக வேண்டும்? இக்கேள்வி நம்மில் பலருக்கும் எழுவது இயல்பே.

இறைவனுக்கு அந்த இடம் தேவையில்லை, நமக்குத்தான் தேவை. ஆண்டு முழுவதும் 'நான்', 'எனது' என்று வாழும் நாம், அந்த நினைவைச் சிறிது நேரமேனும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். எரியும் புதரின் முன் நின்ற மோசேயிடம் காலணிகளைக் கழற்றும்படி ஆண்டவர் பணித்தார். காலணியோடு சேர்த்துக் கழற்ற வேண்டியவை நம்மிடம் இன்னும் எத்தனையோ உள்ளன அன்றோ? எனவே, ஒரு தலத்தின் புனிதம் அங்கே வருவோரின் அடக்கத்தினாலேயே காக்கப்படுகிறது என்பது நம் கருத்து.

இதற்குச் சான்றாக ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். அக்கண்டத்தின் நடுவே, செம்மண் பாலைவெளியில், 348 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது உலுரு. அந்தி வெயிலில் அது தணல்போல் ஒளிரும். அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்து வரும் ஆனங்கு மக்களுக்கு அது வெறும் பாறையன்று; மூதாதையரின் வரலாறும் வாழ்க்கை நெறியும் எழுதப்பட்ட திருநூல். 1873ஆம் ஆண்டு அங்கு வந்த வெள்ளையர் ஒருவர் அதற்கு 'ஏயர்ஸ் பாறை' என்று பெயர் சூட்டினார். பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினர். அவர்கள் பற்றி ஏறுவதற்காக 1964இல் பாறையின் மீது இரும்புச் சங்கிலியும் பொருத்தப்பட்டது. பயணிகள் ஏறிய அந்த வழி, 'மாலா' எனும் மூதாதையர் தொல்பழங்காலத்தில் சென்ற வழி என்பது ஆனங்கு மக்களின் நம்பிக்கை. அவர்களே ஏறத் தயங்கும் பாதையில் அயலார் ஆரவாரத்தோடு ஏறினர்.

1985 அக்டோபர் 26ஆம் நாள் அந்நிலம் ஆனங்கு மக்களுக்கே திருப்பி அளிக்கப்பட்டது. உரிமை வந்ததும் அவர்கள் கதவை அடைத்துவிடவில்லை. 'தயவு செய்து ஏறாதீர்கள்' என்று பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். ஆண்டுகள் பல காத்திருந்தார்கள். ஏறும்போது 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். தங்கள் நிலத்தில் ஒரு விருந்தாளி இறந்தால் அதற்காகத் துயரப்படுவதும் அம்மக்களே. முடிவில், 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது அறவே தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் நடந்ததைத்தான் நாம் சிந்திக்க வேண்டும். 'இனி முடியாது' என்று தெரிந்ததும், எப்படியாவது ஏறிவிட வேண்டுமென்று மக்கள் நீண்ட வரிசையில் வந்து நின்றார்கள்!

'கல்லும் மலையும் கடவுள் படைத்தவை. அவை எல்லார்க்கும் பொது. ஓர் இனத்தார் மட்டும் எப்படித் தடுக்கலாம்?' என்று வாதிடுவோர் உண்டு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், நம் கோயில் பீடத்தின் மீது ஒருவர் ஏறி நின்று, 'மரமும் கல்லும் எல்லார்க்கும் பொது' என்றால் நாம் ஒப்புவோமா? மேலும், உலுருவைக் காண யாருக்கும் தடையில்லை. அதன் அடிவாரத்தைச் சுற்றிச் சுமார் 10 கிலோமீட்டர் நடந்து, நீர்ச்சுனைகளையும் பாறை ஓவியங்களையும் இன்றும் கண்டு மகிழலாம். மறுக்கப்பட்டது காலடியில் மிதிக்கும் உரிமை ஒன்றே. அங்கிருந்து கல்லை எடுத்துச் சென்றவர்கள் பலர், பின்னர் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அதை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். மனச்சான்று பேசத் தொடங்கினால் சட்டமும் தேவைப்படுவதில்லை.

திபெத்திலுள்ள கைலாய மலையும் இதையே கற்பிக்கிறது. 6,638 மீட்டர் உயரமுள்ள அதனை இந்துக்களும், பௌத்தரும், சமணரும், திபெத்தின் பழைய போன் சமயத்தாரும் போற்றுகின்றனர். எவரெஸ்டின் உச்சியில் எத்தனையோ பேர் கொடி நாட்டிவிட்டார்கள். அதைவிடத் தாழ்ந்த கைலாயத்தின் உச்சியையோ யாரும் மிதித்ததாகச் சான்றில்லை. அடியார்கள் அதைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வணங்கித் திரும்புகிறார்கள். நம் திருநாவுக்கரசரும் கைலாயம் நோக்கிப் புறப்பட்டார். கால் தேய்ந்த பின் உடலால் ஊர்ந்தும் சென்றார். ஆயினும், கைலாயக் காட்சி அவருக்குக் கிடைத்தது திருவையாற்றில் என்பது வரலாறு. சென்று சேராத மலை, தம் நாட்டிலேயே அவருக்குக் காட்சி தந்தது!

பிற சமயத்தாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நம்மை மறந்துவிடலாகாது. எருசலேமில் ஆண்டவரின் கல்லறை மீது எழுந்துள்ள ஆலயத்தைக் கிறிஸ்தவர்களாகிய நாமே ஆறு பிரிவினராகப் பங்கிட்டு வழிபடுகிறோம். எந்த மூலை யாருக்கு, எந்த நேரம் யாருக்கு என்பதிலே நூற்றாண்டுகளாகப் பூசல். முகப்புச் சன்னலின் கீழே நிற்கும் சிறு மர ஏணி ஒன்றை அகற்றக்கூட உடன்பாடு எளிதன்று. 2008இல் துறவியர் கைகலப்பில் இறங்கிய செய்தி உலகெங்கும் பரவியது. அவ்வாலயத்தின் சாவியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் குடும்பமும், கதவைத் திறந்துவிடும் குடும்பமும் இஸ்லாமியக் குடும்பங்கள்! இது நமக்கு வெட்கமா, பாடமா? இரண்டுமே எனலாம். ஆனால் அதே பிரிவினர் ஒன்றுகூடிக் கல்லறை மண்டபத்தைச் செப்பனிட்டு 2017இல் திறந்து வைத்தார்கள். விட்டுக்கொடுத்தபோது அந்த இடம் மேலும் ஒளி பெற்றது.

விட்டுக்கொடுத்தலில் நமக்கு வழிகாட்டி புனித பெர்னதெத். 1858இல் லூர்து நகரின் குகையருகே அன்னையின் காட்சியைப் பெற்றபோது அவருக்கு வயது 14. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைச் சிறுமி. குடும்பமோ கைவிடப்பட்ட பழைய சிறையறையில் வாழ்ந்தது. உலகமே அந்தக் குகையை நாடி ஓடியபோது, 1866இல் அவர் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்துக்குச் சென்றார். 1879இல் இறக்கும்வரை லூர்துக்குத் திரும்பவேயில்லை. 'என் குகை' என்று உரிமை கொண்டாட எல்லாத் தகுதியும் இருந்தவர், மடத்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து வாழ்ந்தார். இன்றும் லூர்தில் நோயாளிகளின் வண்டிகளுக்கே முதலிடம். அவற்றைத் தள்ளிச் செல்ல இளைஞர் பலர் தங்கள் செலவிலேயே வருகின்றனர்.

அன்பு மாணவியரே, பெற்றோரே! நாமும் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கும் பிற திருத்தலங்களுக்கும் செல்கிறோம். அங்கே முட்டி மோதி முன்னே போகிறோமா, முதியவருக்கு வழி விடுகிறோமா? கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறோமா, கரம் குவிக்கிறோமா? உண்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் கடற்கரையில் எறிந்துவிட்டு 'அருள் பெற்றேன்' என்று திரும்பினால், அந்த அருள் நம்மிடம் தங்குமா? வேற்றுச் சமயத்தார் நம் ஆலயத்துக்கு வந்து வணங்குவதைப் பெருமையாகப் பேசுகிறோம். அவர்களுடைய கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முன்னும் அதே மரியாதையோடு குரல் தாழ்த்தி நடக்கிறோமா?

சமாரியப் பெண்ணிடம் பேசிய இயேசு, இந்த மலையா, எருசலேமா என்ற வழக்கைத் தாண்டி, உள்ளத்து உண்மையோடு வழிபடும் காலத்தைச் சுட்டிக் காட்டினார். இறைவனின் இல்லங்களுக்கு விருந்தினராகச் செல்வோம். வீட்டுக்காரர் வேண்டாம் என்பதைத் தொடாமல், வந்த சுவடு தெரியாமல் துப்புரவாக வைத்துவிட்டுத் திரும்புவோம். அடுத்த திருயாத்திரைக்கு மூட்டை கட்டும்போதே இந்த உறுதியையும் உடன் எடுத்துக்கொள்வோமாக.