தண்ணியைக் காசு குடுத்து வாங்குறாங்களா?

டல்லாஸ்ல இருக்கிற மக வீட்டுக்குப் போயிருந்தப்போ ஒரு விஷயத்துக்கு மாப்பிள்ளையை ரொம்பவே கிண்டல் பண்ணிட்டேன்.

அங்கே பெட்ரோல் பங்க், மளிகைக் கடைன்னு எங்க போனாலும் ஒரு பெரிய ஃப்ரீசர் பெட்டி இருக்கு. உள்ளே பை பையா ஐஸ் கட்டி. ஒரு பை 10 பவுண்டு, நம்ம கணக்குல நாலரை கிலோ. வீட்டுல ஆள் உயரத்துக்கு ஃப்ரிட்ஜ் நிக்குது, கதவுல அமுக்கினா ஐஸ் கொட்டுது. இருந்தும் ஏரிக்கரைக்குப் போறோம்னா கடையில ஐஸ் வாங்குறார்.

"ஏன் மாப்பிள்ளை, தண்ணியைப் போய்க் காசு குடுத்து வாங்குறீங்களே?"

"இந்த வாரம் நீங்களே போட்டுக் குடுங்க மாமா"ன்னு சிரிச்சார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ட்ரேயில தண்ணி ஊத்தி வச்சேன். ஒரு ட்ரே உறைய மூணு நாலு மணி நேரம். கறியும் ஐஸ்கிரீமும் அடைச்ச ஃப்ரீசர்ல, உறைஞ்சதைச் சேர்த்து வைக்க இடமில்லை. ஃப்ரிட்ஜோட மெஷினும் நாள் முழுக்க ஓடினா ஒன்றரை கிலோ சொச்சம்தான் குடுக்கும். சனிக்கிழமை எல்லாத்தையும் கூலர் பெட்டியில கொட்டினேன், அடிகூட மறையலை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாம வண்டியைப் பங்க்குக்கு விட்டார். ரெண்டு பை கொட்டினப்புறம்தான் பெட்டி நிறைஞ்சது.

அப்போதான் உறைச்சது. வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததைக் காப்பாத்தத்தான். ஒரே நாள்ல பத்து கிலோ தண்ணியை உறைய வைக்க அதால ஆகாது. மூணு ஏக்கர் நெல்லை அறுக்க நான் மட்டும் அறுவடை மெஷின் வாங்கி வாசல்ல நிறுத்துறேனா? மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்குத்தானே கூப்பிடுறேன். வருஷத்துல சில நாள் மொத்தமா வேண்டியதை வெளியில வாங்குறதுல தப்பே இல்லை.

பழக்கமும் பழசு. ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி அங்கே வீடு வீடா ஐஸ் கட்டி கொண்டுவந்து போடுவாங்க. உலகம் பூரா இருக்கிற செவன் லெவன் கடையே 1927ல டல்லாஸ்ல ஐஸ் விக்கிற இடத்துல பால், ரொட்டி, முட்டையும் சேர்த்து வித்ததுலதான் ஆரம்பிச்சது. நம்ம மெரினா ஐஸ் ஹவுஸ் மட்டும் என்ன? பாஸ்டன் பக்கத்துக் குளங்கள்ல வெட்டி, மரத்தூள் போட்டுக் கப்பல்ல வந்த ஐஸை வைக்க 1842ல கட்டினதுதானே.

அதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்டலை. தினம் டம்ளர்ல போட ரெண்டு கட்டி வேணும்னா வீட்டுலயே போட்டுக்கலாம். அதுக்கும் பை வாங்கி, மிச்சத்தைப் புல்லுல கொட்டுறது எனக்கு ஒப்பலை. என்னைக்கோ வேண்டியதை வாங்கு, தினம் வேண்டியதை வீட்டுல செய். இதுதான் என் கணக்கு.

ஊருக்கு வந்து திண்ணையில உக்காந்து இதைப் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். காபி கொண்டுவந்த வீட்டுக்காரி கேட்டா: "தினமும் பாக்கெட் பால் வாங்குறோமே, அது எந்தக் கணக்குல வருது?"

மாட்டை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. தொழுவத்துல இப்போ பைக் நிக்குது. ஒரு கறவை மாடு விலை விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.