தடத்தை அழிப்பது யார்?



ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஸவ்ர் குகையில் தங்கியிருந்த வரலாறு நாம் அறிந்ததே. இரவில் மக்காவின் செய்திகளைக் கொண்டு வந்து சொல்லிவிட்டுத் திரும்புவார் அப்துல்லாஹ் பின் அபூபக்ர் (ரலி). அவரது காலடித் தடத்தின் மீது ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆட்டு மந்தையை ஓட்டிச் சென்று அழித்து விடுவார். எதிரிகள் தடம் பார்த்து வந்துவிடக் கூடாது என்று தெரிந்தே செய்த வேலை அது. இன்று நம் கடைவீதியில் திருட்டு நடந்த மறுநாள் காலையில் அதே வேலையை நாம் தெரியாமல் செய்கிறோம். அதுவும் திருடனுக்காக!

ஷட்டர் உடைந்து கிடக்கிறது என்றதும் பஜ்ரு தொழுதுவிட்டு வருபவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், டீக்கடையில் நின்றவர்கள் என அத்தனை பேரும் உள்ளே நுழைகிறார்கள். ஒருவர் கல்லாவைத் திறந்து பார்க்கிறார். கடைப் பையன் வழக்கம்போல் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கத் தொடங்குகிறான். பிறகு காவல்துறை வந்து எதைப் பார்க்கும்? பழைய பட்டியலைப் புரட்டும். தெருமுனையில் நிற்கும் நம் பிள்ளைகளை விசாரணைக்கு அழைக்கும். ஒரு செருப்புத் தடம் மிஞ்சியிருந்தால், ‘இது என் மகனுடைய கால் அல்ல’ என்று ஒரு தகப்பன் நிமிர்ந்து நின்று சொல்லலாமே!

எனவே வாசலிலேயே நில்லுங்கள். கயிறு கட்டுங்கள். சிமெண்டுத் தரையில் தூசியால் பதிந்த தடம் சாதாரணமாகக் கண்ணில் படாது. டார்ச்சைத் தரையோடு தாழ்த்திச் சாய்த்து அடித்தால் தெரியும். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, நேர் மேலிருந்து செல்போனில் படம் எடுங்கள். மழை வருகிறதா? மண்ணில் உள்ள தடத்தின் மேல் விளிம்பில் படாமல் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுப்பது நிபுணரின் வேலை. நாம் கை வைக்க வேண்டாம். டயர் தடத்தில் ஒரு சாண் போதாது. சக்கரம் ஒரு முழுச் சுற்று உருண்ட நீளம், காருக்குச் சுமார் ஆறடி, கிடைத்தால்தான் அந்த டயரின் வெட்டு, தேய்மானம், சிக்கிய கல் எல்லாம் அகப்படும்.

ஒன்றை இளைஞர்கள் நன்றாகப் புரிந்து கொள்ள வேண்டும். ஒரே கம்பெனிச் செருப்பை ஆயிரம் பேர் போடுகிறார்கள். அடிப்பாகத்தின் பூ வேலை ஒத்துப் போவது மட்டும் ஆளைக் காட்டாது. அந்த ஒரு செருப்புக்கே உரிய தேய்மானமும் கீறலும் ஒத்துப் போக வேண்டும். காலடித் தடக்கலை ஆரம்ப நிலையில்தான் உள்ளது, பிற சூழ்நிலைச் சான்றுகளோடு சேர்த்தே அதைப் பார்க்க முடியும் என்று 1956-லேயே பிரீத்தம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. இதை ஐந்தாண்டுகளுக்குள் நடைமுறைப்படுத்த மாநில அரசுகளுக்கு அவகாசம் தரப்பட்டுள்ளது. இரவில் கடையை உடைத்துத் திருடுவது இந்த வகைக் குற்றமே. ஆகவே தடத்தைக் காட்டி, ‘அச்சு எடுப்பீர்களா, ஐயா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பார்வை மகஜரில் அந்தத் தடம் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். செக் என்றால் இரண்டு முறை படிக்கும் நம் வியாபாரிகள், மகஜரை மட்டும் படிக்காமலேயே கையெழுத்திட்டுத் தருகிறார்கள்.