சுருதி ஒன்று, நாதம் பல

கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாக வலந்தலை எனும் வலப்பக்க முகத்தின் பின்னலைத் தட்டிக்கொண்டிருப்பார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். தம்புராவோடு சேர்ந்ததா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சேர்ந்த பிறகுதான் வழக்கு ஆரம்பம். தோல்களுக்கிடையே குச்சிகள் வைத்த குச்சி மிருதங்கத்தின் கணீரென்ற மீட்டு ஒருவருக்கு உயிர். கல்நொறுக்கு வைத்த கப்பி மிருதங்கத்தின் அடங்கிய நாதம் இன்னொருவருக்கு. தொப்பி எனும் இடப்பக்க முகத்தில் பூசும் ரவை சற்றுக் கூடினால் 'கும்கி நாதம் ஆழமாக இருக்கிறது' என்பார் ஒருவர். 'மந்தமாக இருக்கிறது' என்பார் பக்கத்து இருக்கைக்காரர். இருவர் சொல்வதும் சரிதான். வலந்தலையின் நடுவில் பூசிய கருஞ்சோறுதான் அந்தத் தோலைப் பாட வைக்கிறது என்பதை 1920-லேயே சர் சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதினார். ஆனால் எந்த நாதம் இனிது என்று இயற்பியல் தீர்ப்பளிக்காது. அது பழகிய காதின் முடிவு. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் காதுக்கேற்பத் தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவர், அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து. வாசிப்பவரும் வாத்தியம் செய்பவரும் பேசிப் பேசி உருவாக்கிய நாதம் அது. இன்று அந்தப் பேச்சின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொள்வதுதான் என் கவலை. எல்லா மிருதங்கத்தையும் ஒரே கூர்மைக்குத் திருகிவிட்டால், கருத்து வேறுபாடு மறையும். அதோடு பாணிகளும் மறையும். சுருதியில் கறாராக இருப்போம். நாதத்தில் அவரவர் ருசிக்கு இடம் விடுவோம்.